டான்சில் அறுவை சிகிச்சையும் குடும்பக் காப்பீடும்: ஈரோடு வாசகியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு 7 வயது. எல்.கே.ஜி. படித்த நாளிலிருந்தே அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துகொண்டிருக்கின்றன. இந்த ஓராண்டாக இரவில் பலமாகக் குறட்டை விடுகிறான். வாயைத் திறந்தபடியே தூங்குகிறான். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் டான்சிலையும் மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்கிறார். மருத்துவமனை 70,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறது. எங்களிடம் 5 லட்ச ரூபாய்க்கான குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி உள்ளது. எடுத்து 14 மாதங்கள் ஆகின்றன. இரண்டு வருடம் முடியும்வரை பொறுத்திருக்கும்படி முகவர் சொல்கிறார். பொறுக்க வேண்டுமா? வேறு கம்பெனிக்கு மாறினால் சீக்கிரம் கிடைக்குமா? கணவர் 4 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார்; அங்கே ஏதோ குழுக் காப்பீடு இருப்பதாகச் சொன்னார்கள், விவரம் தெரியாது. இன்னொன்று: எனக்கே 19 வயதில் டான்சில் எடுத்திருக்கிறார்கள். இப்போது 33 வயது. பாலிசி எடுக்கும்போது "அதெல்லாம் எழுத வேண்டாம்" என்று முகவர் சொன்னதால் படிவத்தில் எழுதவில்லை. அதனால் பாலிசி ரத்தாகுமா? மகனுக்கும் டான்சில் எடுத்துவிட்டால் பிற்காலத்தில் அவனுக்குக் காப்பீடு கிடைப்பதில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு டான்சில் விவகாரங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று 14 ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது, மற்றொன்று இனி எடுக்கப்பட வேண்டியது. காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் இவை இரண்டும் ஒன்றல்ல. எடுத்து, ஆறி, மறந்தும் போன டான்சிலுக்கு அங்கே ஏறக்குறைய மதிப்பே கிடையாது. எடுக்கவிருக்கும் டான்சிலுக்குத்தான் தேதி பார்ப்பார்கள், பழைய சீட்டு கேட்பார்கள், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான்கு கடிதம் எழுதுவார்கள். ஆகவே உங்கள் மகனுடைய விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது அவ்வளவு அவசரமில்லை.

உங்கள் முகவர் சொன்ன இரண்டு வருடக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இந்தியாவில் விற்கப்படும் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளில் மூன்று விதமான காத்திருப்புக் காலங்கள் உண்டு. பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களுக்கு, விபத்தைத் தவிர வேறெந்த நோய்க்கும் பணம் கிடையாது. அதை நீங்கள் எப்போதோ கடந்துவிட்டீர்கள். இரண்டாவது, பெயர் குறிப்பிட்ட சில நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்குமான காத்திருப்பு. மூன்றாவது, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, இந்தப் பின்னிரண்டும் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 48 மாதங்கள் வரை போகலாம் என்றிருந்தது.

டான்சில் அந்த இரண்டாவது பட்டியலில்தான் வழக்கமாக இருக்கும். 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகத்துடன் வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 24 மாதக் காத்திருப்புப் பட்டியலின் தொடக்கத்திலேயே, புற்று அல்லாத காது மூக்கு தொண்டைக் கோளாறுகள், டான்சில் அகற்றுதல், அடினாய்டு அகற்றுதல் என்று அடுத்தடுத்து வரும்; கண்புரை, குடலிறக்கம், மூலம், சைனஸ், சிறுநீரகக் கல், வெரிகோஸ் வெயின் முதலியவை அவற்றைத் தொடரும். இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு தன்மை உண்டு. பெரும்பாலும் நோயாளியும் மருத்துவரும் பேசி நாள் குறித்துச் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சைகள் இவை. நாள் குறித்த பிறகு பாலிசி எடுத்து, சிகிச்சை முடிந்ததும் பாலிசியைக் கைவிடுகிறவர்களைத் தடுக்கவே நிறுவனங்கள் இந்த வேலியைப் போட்டிருக்கின்றன.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "நோய் பாலிசி எடுத்த பிறகுதானே வந்தது, அப்படியானால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்" என்று நினைக்கிறார்கள். முன்பே இருந்த நோய் என்னும் மூன்றாவது வகைக்கு அந்த வாதம் பொருந்தும். இரண்டாவது வகைக்குப் பொருந்தாது. பாலிசி எடுத்த பின் புதிதாக வந்த டான்சில் அழற்சியாக இருந்தாலும், குறிப்பிட்ட மாதங்கள் முடியும்வரை அந்த அறுவைக்குப் பணமில்லை என்று அந்த ஷரத்தே வெளிப்படையாகச் சொல்கிறது. அறுவைக்குப் பிறகு ரத்தக்கசிவு போன்ற சிக்கல் வந்து மறுபடி சேர்க்க நேர்ந்தாலும், விலக்கப்பட்ட சிகிச்சையின் விளைவு என்று கூறி அதையும் மறுக்கவே வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே, முகவர் வாயால் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், பாலிசியுடன் வந்திருக்கும் வாடிக்கையாளர் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள். காத்திருப்புக் காலங்களை எளிய மொழியில் இந்தத் தாளில் தர வேண்டும் என்பது விதி. அதில் குறிப்பிட்ட நோய்களுக்கு 24 மாதங்கள் என்று இருந்தால் உங்களுக்கு இன்னும் 10 மாதங்கள் மீதம். 36 என்று இருந்தால் 22 மாதங்கள். முதல் பாலிசி தொடங்கிய தேதியிலிருந்துதான் இது எண்ணப்படும், ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் மறுபடி ஆரம்பிக்காது. ஆனால் புதுப்பிக்காமல் 30 நாள் சலுகைக் காலத்தையும் கடந்துவிட்டால், சேர்த்துவைத்த மாதங்கள் அத்தனையும் கைவிட்டுப் போகும். இடையில் காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், உயர்த்திய பங்குக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

மாதக் கணக்கு தெரிந்துவிட்டது என்பதாலேயே பொறுத்திருப்பது சரி என்று ஆகிவிடாது. முகவரின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். நான் மருத்துவன் அல்லன். எனினும் பல ஆண்டுகளாக இந்தக் கோப்புகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். டான்சில் எடுக்கச் சொல்வதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு, அவை இரண்டின் அவசரமும் ஒன்றல்ல. திரும்பத் திரும்பத் தொற்று வருவது முதல் காரணம். ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முறை என்பது மருத்துவர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் அளவுகோல். அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் சில மாதம் பார்க்கலாம் என்று அவர்களே சொல்வதும் உண்டு, வயது ஏற ஏறத் தொற்று தானாகக் குறையும் குழந்தைகளும் இருக்கிறார்கள். இரண்டாவது காரணம் மூச்சுத் தடை. வீங்கிய டான்சிலும் அடினாய்டும் தூக்கத்தில் காற்றுவழியை அடைப்பதால் வரும் குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் சோர்வு, படிப்பில் கவனமின்மை ஆகியவை இதில் அடங்கும். நீங்கள் எழுதியிருக்கும் குறட்டையும் வாய் மூச்சும் இந்தப் பக்கம் சாய்வதுபோலத் தோன்றுகிறது.

ஆகவே மருத்துவரிடம் "எடுக்க வேண்டுமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பத்து மாதம் தள்ளிப்போட்டால் இந்தக் குழந்தைக்கு என்ன ஆகும்" என்று கேளுங்கள். தள்ளிப்போடலாம் என்று அவர் சொன்னால் பாலிசியின் தேதிக்காகக் காத்திருப்பதில் தவறில்லை. தள்ளக் கூடாது என்றால் பாலிசியை மறந்துவிட்டு அறுவைக்கு நாள் பாருங்கள். ஒரு குழந்தையின் பத்து மாதத் தூக்கத்தை 70,000 ரூபாய்க்கு விற்க வேண்டியதில்லை. கையில் பணமில்லை என்றால் பெருந்துறையிலுள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவுகள் உள்ளன. டான்சில் அறுவை அத்தகைய பிரிவுகளுக்குப் பழகிப்போன வேலை. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கணவருடைய நிறுவனத்தின் குழுக் காப்பீடுதான் இப்போது நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக எடுக்கும் குழு பாலிசிகளில், நான் மேலே சொன்ன மூன்று காத்திருப்புகளையும் நீக்கிவிடும் ஏற்பாடு மிகப் பரவலாக உண்டு. முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தரும் பாலிசியாக அது இருக்கலாம். மனைவியும் பிள்ளைகளும் அதில் அடங்குவார்களா, காத்திருப்புகள் நீக்கப்பட்டிருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளுக்கும் மனிதவளப் பிரிவிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வாங்கச் சொல்லுங்கள். வாய்வழிப் பதில் வேண்டாம். பாலிசியின் பயன்கள் அட்டவணையையே கேட்டு வாங்குவது இன்னும் நல்லது.

குழு பாலிசியில் ஒரே ஒரு முட்டுக்கட்டை வரலாம். குடும்பத்தாரின் பெயர்களைப் பணியில் சேர்ந்த சில வாரங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் பாலிசி அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படும்போதுதான் சேர்க்க முடியும் என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. திருமணமும் பிறப்பும் மட்டுமே இடையில் சேர்ப்பதற்கு வழக்கமான விதிவிலக்குகள். கணவர் சேர்ந்து நான்கு மாதம் ஆகிவிட்டதால், பணியில் சேரும்போது நிரப்பிக் கொடுத்த தாள்களில் உங்கள் பெயரையும் மகன் பெயரையும் எழுதினாரா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கிறது. எழுதியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ நிறுவனத்தின் மின் அட்டையில் மகன் பெயர் இருக்கும். எழுதவில்லை என்றால் அந்தக் குழு பாலிசி எந்த மாதம் புதுப்பிக்கப்படுகிறது என்று கேளுங்கள். அது உங்கள் சொந்த பாலிசியின் 24 மாதத்தை விட முந்தி வரக்கூடும்.

குழு பாலிசியில் க்ளெய்ம் வாங்கினால் சொந்த பாலிசியின் க்ளெய்ம் இல்லாத போனஸ் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். அதேபோல, குழுக் காப்பீடு கிடைத்துவிட்டது என்று சொந்த பாலிசியைக் கைவிடவும் வேண்டாம். வேலை மாறினால் குழுக் காப்பீடு அன்றோடு நின்றுவிடும், சொந்த பாலிசியில் நீங்கள் சேர்த்திருக்கும் 14 மாதங்கள் திரும்ப வராது. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு ப்ரீமியத்தின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது என்பதால், அதைத் தொடர்வதற்கு இப்போது ஒரு காரணம் கூடியிருக்கிறது.

வேறு கம்பெனிக்கு மாறுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம்: இப்போது மாறுவதால் உங்களுக்குப் பயனில்லை. போர்ட்டிங் முறையில் மாறினால் பழைய இடத்தில் கடந்த மாதங்கள் கணக்கில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். புதிய நிறுவனம் உங்களை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதன் படிவத்தில் மகனுக்கு அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டிருப்பதை எழுதியாக வேண்டும். அதைப் படித்த பிறகு எந்த நிறுவனம் சீக்கிரம் பணம் கொடுப்பதற்காகவே உங்களைச் சேர்த்துக்கொள்ளும்? இந்த அறுவைக்கென்றே புதிதாக இன்னொரு பாலிசி எடுப்பதோ அதைவிடப் பயனற்றது. அங்கே மாதக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

மருத்துவர் பொறுக்கலாம் என்று சொல்லி, நீங்களும் 24 மாதம் முடித்து உங்கள் சொந்த பாலிசியிலேயே க்ளெய்ம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரக்கூடிய சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தவிர்க்க வேண்டிய நேரம் இதுதான். குறிப்பிட்ட நோய்ப் பட்டியலில் உள்ள ஒன்று, முன்பே இருந்த நோயாகவும் அமைந்துவிட்டால், இரண்டு காத்திருப்புகளில் எது நீளமோ அதுவே பொருந்தும் என்று ஷரத்து சொல்கிறது. அதாவது, மகனுக்கு டான்சில் கோளாறு பாலிசிக்கு முன்பே இருந்தது என்று நிறுவனம் நிலைநாட்டினால், 24 மாதம் 36 மாதம்வரை நீண்டுவிடக்கூடும்.

முன்பே இருந்த நோய் என்பதற்கு விதியில் வரையறை இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவரால் கண்டறியப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்தக் காலத்துக்குள் அதற்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது பெறப்பட்டிருக்க வேண்டும். அம்மாவின் நினைவில் "சின்ன வயதிலிருந்தே" என்று இருப்பது இதில் சேராது. எல்.கே.ஜி. நாட்களில் தொண்டை வலியோடு வந்த காய்ச்சலுக்கு ஐந்து நாள் மருந்து கொடுத்து, அது சரியாகிப் போனது ஒரு தனித் தொற்று என்பதே என் வாதமாக இருக்கும். குழந்தை மருத்துவர் அப்போதே "டான்சில் வீக்கம், அடிக்கடி வருகிறது, காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்" என்று சீட்டில் எழுதியிருந்தால் அது வேறு. அது கண்டறிதலும் ஆலோசனையும் சேர்ந்தது.

நடைமுறையில் இது எப்படி வெடிக்கிறது என்று பாருங்கள். குழந்தையைச் சேர்க்கும் அன்று பணியிலிருக்கும் இளம் மருத்துவர், நோயின் வரலாற்றை எழுதுவதற்காக "எத்தனை நாளாக இருக்கிறது" என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் தாய், "குழந்தையிலிருந்தே இப்படித்தான் டாக்டர், ஒரு அஞ்சு வருஷமா இருக்கும்" என்கிறார். அவர் கேஸ் தாளில் "5 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப டான்சில் அழற்சி" என்று எழுதுகிறார். அது, நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டக் கேட்கும் கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்குப் போகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறுகிறது. மறுநாள் டிபிஏவிடமிருந்து கேள்வி வருகிறது: "நோய் எவ்வளவு காலமாக உள்ளது என்பதற்கு மருத்துவரின் சான்றும் முதல் ஆலோசனைச் சீட்டும் தேவை." பாலிசியின் வயது இரண்டு ஆண்டு, தாளில் எழுதியிருப்பது ஐந்து ஆண்டு. பிறகு எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அந்த முதல் வரியைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

இதற்கு மாற்று, பொய் சொல்வதல்ல. காலத்தைக் குறைத்து எழுதச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவதும், அறுவையின் பெயரையே மாற்றி வேறொன்றாகக் காட்டலாம் என்று மருத்துவமனை மேசையில் யாராவது சொன்னால் அதற்குத் தலையாட்டுவதும் மோசடியில் போய் முடியும். க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே போய்விடும். செய்ய வேண்டியது இதுதான்: வீட்டிலுள்ள சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, எந்தத் தேதியில் எதற்காக எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள், டான்சில் வீக்கம் என்று முதன்முதலில் எந்தச் சீட்டில் வருகிறது, குறட்டை எப்போது தொடங்கியது, அறுவை எப்போது பரிந்துரைக்கப்பட்டது என்று ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும் அன்று நினைவிலிருந்து பேசாமல் அந்தத் தாளைக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியவுடன், மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, நோய் வரலாறு எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். உண்மைக்கு மாறாக ஏதும் இருந்தால் அங்கேயே மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்குவது எளிது; ஒரு மாதம் கழித்துத் திருத்தினால் அது ஜோடனை என்றே பார்க்கப்படும்.

ஒருநாள் மட்டும் தங்கினால் பணம் வராதோ என்ற சந்தேகமும் சிலருக்கு வருகிறது. 24 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்ற பொது விதி இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் டே கேர் சிகிச்சைகளுக்கு அது பொருந்தாது. டான்சில் அறுவை அந்த வகையில் சேர்க்கப்படுவது வழக்கம். அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால், வாடகையின் வித்தியாசம் மட்டுமின்றி, மருத்துவர் கட்டணம் முதலான சில செலவுகளிலும் அதே விகிதத்தில் வெட்டும் பாலிசிகள் உண்டு.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பது எதற்காக மறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. 24 மாதம் முடியவில்லை என்று மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் தெளிவாக இருப்பதை எந்த மன்றமும் மாற்றித் தராது. 24 மாதம் முடிந்த பின், முன்பே இருந்த நோய் என்று சொல்லி, அதற்கு ஒரு மருத்துவச் சீட்டுகூடக் காட்டாமல் மறுத்தால், அது போராடத் தகுந்தது. 2024 மே 29 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட தலைமைச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க முடியாது. எந்த ஷரத்தின் கீழ் மறுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் ஏற்கத் தக்கதாக இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர் ஆணையர் அலுவலகத்துக்கு முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை.

இனி உங்கள் சொந்த டான்சிலுக்கு வருவோம். 19 வயதில் நடந்த அறுவை, பாலிசிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் வராததால், அது முன்பே இருந்த நோய் என்ற வரையறைக்குள் அடங்காது. ப்ரீமியத்தை ஏற்றவும் எதையும் நிரந்தரமாக விலக்கவும் அது காரணமாகாது. நிரந்தரமாக விலக்கிவைக்கலாம் என்று 2019இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட நோய்ப் பட்டியலில் வலிப்பு, நாட்பட்ட சிறுநீரக நோய், இதய வால்வுக் கோளாறு, புற்று போன்றவை இருக்கின்றன, டான்சில் இல்லை.

ஆனாலும் எழுதாமல் விட்டது சரியா என்றால், சரியில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்பது படிவத்தில் கேள்வி எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. "கடந்த 4 ஆண்டுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா" என்று கேட்டிருந்தால், இல்லை என்ற பதில் உண்மையே. "எப்போதாவது செய்துகொண்டிருக்கிறீர்களா" என்று கேட்டிருந்தால், இல்லை என்ற பதில் தவறு. பாலிசி ஆவணத்தோடு உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகலும் வந்திருக்கும். அந்தக் கேள்வியைத் தேடிப் படியுங்கள். முகவர் நிரப்பினார் என்பது உங்களுக்கு அரணாகாது, ஏனெனில் கீழே கையெழுத்து உங்களுடையது. முகவர்கள் இப்படிச் சொல்வதற்குக் காரணம் கெட்ட எண்ணம்கூட அல்ல. ஒரு "ஆம்" எழுதினால் நிறுவனம் கூடுதல் தாள் கேட்கும், விற்பனை ஒரு வாரம் தள்ளும், அவ்வளவுதான்.

மறைத்ததற்காகப் பாலிசியை ரத்து செய்ய வேண்டுமானால், மறைக்கப்பட்டது முக்கியமான உண்மையாக இருக்க வேண்டும். விவேகமுள்ள ஒரு காப்பீட்டாளர் ஏற்பதா வேண்டாமா, எவ்வளவு ப்ரீமியத்துக்கு ஏற்பது என்று முடிவெடுப்பதை அது பாதிக்குமா என்பதே உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு மெடிக்ளெய்ம் வழக்கில் வைத்த உரைகல். அந்த வழக்கில் மறைக்கப்பட்டது சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும். ஆறிப்போன டான்சில் அறுவையை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுக்கு அப்போது ஏன் எடுத்தார்கள்? வெறும் தொண்டைத் தொற்றுக்காக என்றால் இந்தப் பத்தியை இத்துடன் மறந்துவிடலாம். வாதக் காய்ச்சல் வந்து இதயத்தைக் காப்பதற்காக எடுத்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்ததால் சந்தேகத்தின்பேரில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாலோ, தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக எடுத்து அது இன்னும் தொடர்ந்தாலோ, அறுவையை அல்ல, அதற்குப் பின்னாலிருக்கும் நோயைத்தான் நிறுவனம் முக்கியமானது என்று பார்க்கும்.

எப்படியிருந்தாலும், கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்குப் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, எந்த ஆண்டு எந்த ஊரில் எதற்காக டான்சில் எடுக்கப்பட்டது, அதன்பின் எந்தத் தொந்தரவும் இல்லை, படிவத்தில் விடுபட்டுப்போனதால் இப்போது பதிவு செய்துகொள்ளும்படி வேண்டுகிறேன் என்று நான்கு வரிகள் எழுதுங்கள். பெரும்பாலும் பெற்றுக்கொண்டோம் என்ற பதிலோடு முடியும். பழைய தாள் கேட்டால், இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, வெளிப்படுத்தாமையைக் காரணம் காட்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. அதுவரை வாய்மூடி இருந்துவிடலாமே என்று தோன்றலாம். வேறு ஏதோ பெரிய சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில், தொண்டையைப் பார்த்த மருத்துவர் "டான்சில் முன்பே அகற்றப்பட்டுள்ளது" என்று எழுதிவைக்க, அதைக் கண்டு நிறுவனம் படிவத்தைத் தூசி தட்டுவதைவிட, இன்றைக்கு அந்த மின்னஞ்சலை அனுப்புவது எவ்வளவோ மேல்.

மகனின் எதிர்காலத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு இடமில்லை. உங்கள் பாலிசியில் அவன் ஏற்கெனவே இருப்பதால், அறுவை நடந்தது என்பதற்காகவோ க்ளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகவோ புதுப்பிக்க மறுக்க முடியாது. அதற்காக அவனுக்கு மட்டும் தனியாக ப்ரீமியத்தை ஏற்றவும் முடியாது. டான்சிலை எடுத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்ற பேச்சைக் காப்பீட்டு நிறுவனங்கள் பொருட்படுத்துவதில்லை. அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு நிணநீர்த் திசுக்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் அவன் தன் பெயரில் பாலிசி எடுக்கும்போது படிவத்தில் கேட்டால் எழுத வேண்டும், அவ்வளவே. அதற்காக டிஸ்சார்ஜ் சம்மரி, அகற்றிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதன் அறிக்கை, அறுவைக்குப் பின் மருத்துவர் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிய கடைசிச் சீட்டு ஆகிய மூன்றையும் அவனுடைய பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்துக் கணவருக்கும் அனுப்பிவையுங்கள்.